மலர் வகுப்பு, மலை வகுப்பு

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்குத் தீர்மானமில்லை. பெட்டி வந்த எட்டாவது வருஷம் என்று நினைக்கிறேன், ஒன்பதாகவும் இருக்கலாம். கார் வெள்ளையா சாம்பலா என்பதில் எனக்கும், அன்று அந்த இன்சூரன்ஸ் அலுவலகத்தில் என்னோடு வேலையில் இருந்த இன்னொருவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பேச்சில் சில வார்த்தைகளை நானே கோத்துக்கொண்டிருக்கக் கூடும். ஆனால் தாரணியின் முகம் மட்டும் தப்பாக நினைவிருக்க வழியில்லை. ஒரு மனுஷி வாயைத் திறக்காமலே எதிரில் இருப்பவனை எவ்வளவு கீழே இறக்க முடியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

தாரணி ஈரோட்டில் கார் ஓட்டினாள். சொந்தக் கார்தான். சென்னிமலை, அறச்சலூர், காங்கயம் பக்கத்துச் சிறுநீரக நோயாளிகளைக் காலையில் ஏற்றிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு விட்டுவிட்டு, நாலு மணி நேரம் காத்திருந்து, துவண்டுபோய் வெளியே வரும் அவர்களைத் திரும்ப வீட்டில் சேர்ப்பது அவள் தொழில். பதினேழு வருஷமாக அதைச் செய்துவந்தாள். வேகமாகத்தான் ஓட்டுவாள். ஆனாலும் மடியில் வைத்த டம்ளர் தண்ணீர் சிந்தாது என்று அவளுடைய நோயாளிகள் சொல்வார்கள். தானாக ஓடும் கார்கள் அப்போதே வந்துவிட்டிருந்தன. ஆறுவழிச் சாலையில் அவை ஒழுங்காக ஓடின. சென்னிமலைப் பக்கம் திரும்பியதும் முதல் ஆட்டு மந்தையைக் கண்டு நின்று, நகர மறுத்து, உதவி எண்ணைக் கூப்பிட்டு முறையிட்டன. அதனால் கை வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் வேலை இருந்தது.

அவள் புருஷன் சபரிநாதன் மஞ்சள் மண்டியில் தரம் பார்க்கிறவன். ஒரு விரலி மஞ்சளை ஒடித்து முகர்ந்தால் அது எந்த ஊர்க் காட்டில் விளைந்தது என்று சொல்லிவிடுவான். மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுவான், முக்கியமாக வண்டிகளுக்கு. சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டுதான் போவான். மனைவியின் காரில் ஏறினால் பின்சீட்டில் உட்கார்ந்து, மேலே இருக்கும் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொள்வான். தாரணிக்கு அதில் சிரிப்பு உண்டு, இளக்காரம் கிடையாது. இளக்காரத்தை அவள் வேறு ஆட்களுக்காக வைத்திருந்தாள்.

அந்த ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெட்டிக்கு முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஆண் ஓட்டினால் ஒரு கட்டணம், பெண் ஓட்டினால் அதைவிடக் குறைந்த கட்டணம் என்று வாங்கின. பெண்கள் குறைவாக இடிக்கிறார்கள், இடித்தாலும் மெதுவாக இடிக்கிறார்கள் என்று அவர்களிடம் ஒரு புள்ளிவிவரம் இருந்தது. உடனே ஊரிலுள்ள ஆண்களெல்லாம் காரைப் பெண்டாட்டி பெயருக்கு மாற்றினார்கள். நிலத்தில் அவள் பெயரைச் சேர்க்காதவர்கள், கடைப் பலகையில் அவள் பெயரை எழுதாதவர்கள், ஒரே வாரத்தில் மாற்றினார்கள். சாவியை மட்டும் தங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு யாரோ வழக்குப் போட, விண்ணப்பத்தில் ஆணா பெண்ணா என்று கேட்கவே கூடாது, அந்தத் தகவலை வைத்திருக்கவும் கூடாது என்று சட்டம் வந்தது. கம்பெனிகள் பணிந்து வணங்கி அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டன. எடுத்த கையோடு பெட்டியை வைத்தன.

தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஸ்டீரிங்குக்குக் கீழே ஒட்டியிருக்கும். கை எப்படித் திருப்புகிறது, கால் எப்படி அழுத்துகிறது, ஹாரன் எத்தனை முறை என்று முதல் நாற்பது மணி நேரம் படித்துவிட்டு, இந்தக் கை மலர் வகுப்பு, அல்லது மலை வகுப்பு என்று முடிவு சொல்லும். மலருக்குக் கட்டணம் குறைவு. மலைக்கு இரண்டு மடங்கு. ஆண், பெண் என்ற சொல் எங்கேயும் கிடையாது. அந்தப் பெயர்களைக் கண்டுபிடித்தவனுக்குச் சம்பளம் உயர்ந்திருக்கும்.

ஆண்களும் சும்மா இருக்கவில்லை. பெருந்துறை ரோட்டில் 'மென்கை மையம்' என்று ஒன்று திறந்தார்கள். பெட்டியை ஏமாற்றுகிற மாதிரி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் இடம். தாரணியின் பக்கத்து வீட்டு லோகநாதன், பனியன் கம்பெனிக்காரன், அங்கே மூன்று மாதம் படித்துவிட்டு வந்து வாசலில் நின்று அவளிடமே பெருமை பேசினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி. அங்க மொத பாடமே என்னன்னா, திரும்பறதுக்கு முன்னால ஒருதரம் தயங்கோணும்."

"எதுக்குங்ணா தயங்கோணும்?"

"பொம்பளைங்க தயங்குவாங்கல்ல."

தாரணி அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "போன வாரம் கேட்டுக்குள்ள வண்டிய விடறப்ப தூண்ல இடிச்சீங்களே. அது எத்தனையாவது பாடமுங்ணா?" என்றாள்.

இப்படி அவள் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த விபத்து நடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி. சாப்பிட வெளியே போய்விட்டு, நோயாளியைத் திரும்ப அழைக்க ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். காரில் அவள் மட்டும். சிப்காட் திருப்பத்தில் இடது பக்கம் ஒரு தண்ணீர் லாரி. அப்போது எதிர்த்திசையில், வரக் கூடாத பக்கத்தில், பேட்டரி ஸ்கூட்டரில் ஒருவன் வந்தான். ஒரு கையில் போன், ஹேண்டிலில் சாப்பாட்டுத் தூக்கு. ஒடிசாவிலிருந்து மில் வேலைக்கு வந்தவன், பெயர் பிகாஷ். பிரேக் போட்டால் வண்டி நிற்கும் இடத்தில் அவன் இருந்தான். லாரிப் பக்கம் வழியில்லை. தாரணி ஹாரனைத் தொடவில்லை. ஸ்டீரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்து, கை மாற்றி, உடனே இடது பக்கம் இழுத்தாள். காரின் முன்பக்கம் அவனைத் தாண்டிப் போயிற்று; பின்பக்கம் மட்டும் அவன் காலைத் தட்டியது. கார் தடுப்புச்சுவரில் ஏறி நின்றது. அவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அவ்வளவுதான். எல்லாம் அரை விநாடி.

அங்கே டீக்கடையில் நின்றிருந்த லாரிக்காரர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், சாதாரணமாக யாரையும் பாராட்டும் முகமே இல்லாதவர், சக்கரத் தடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "நல்ல கை" என்று மட்டும் சொன்னார். தொழில்காரர் ஒருவரிடமிருந்து தாரணி கேட்ட ஒரே புகழ்ச்சி அது. அந்த வார்த்தையை அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

மண்டியிலிருந்து சபரிநாதன் ஷேர் ஆட்டோ பிடித்து ஓடிவந்தான். காருக்குள் கையை விட்டு அவளுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்தான். ரோட்டுக் கேமரா கால் மணிக்கு ஒருமுறை படம் எடுக்கும். சரியாக அப்போது எடுத்தது.

கம்பெனியின் தானியங்கிக் குரல் போனில் கேட்டதற்குத் தாரணி நடந்ததைச் சொன்னாள். "அந்த எடத்துல கை மாத்துனனுங்க. மாத்துனதுனாலதான் ஆளு பொழச்சான்."

இருபது நாள் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. கணவரையும் அழைத்து வரவும் என்று போட்டிருந்தது.

நன்னிழல் காப்பீட்டு நிறுவனத்தின் கிளை ஒரு நகைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரியின் பெயர் நிரஞ்சன். முப்பது வயதிருக்கும். மிகவும் மரியாதையானவன். அவன் மரியாதையில் எதுவும் ஒட்டவில்லை, ஈயம் பூசிய பாத்திரம் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மேஜை மேல் ஒரு திரை. பேசப் பேச எல்லாம் அதில் எழுத்தாக ஓடியது.

"உக்காருங்க மேடம். சார், நீங்களும். தண்ணி சாப்பிடறீங்களா?"

"வேண்டாமுங்க. சொல்லுங்க."

"சின்ன விஷயம்தான். அன்னைக்கு வண்டி ஓட்டினது யாரு?"

"நான்தானுங்க."

"அது நீங்க சொல்றது மேடம். பெட்டி வேற சொல்லுது." திரையை அவள் பக்கம் திருப்பினான். "உங்க கை மலர் வகுப்பு. எட்டு வருஷமா அப்படித்தான் பதிவாகியிருக்கு. அன்னைக்கு ஸ்டீரிங்ல இருந்த கை மலை வகுப்பு. தொண்ணூத்து நாலு சதவீதம். தயக்கமே இல்ல, ஹாரன் இல்ல, ஒரே மூச்சுல ரெண்டு திருப்பம். இது உங்க கை இல்ல மேடம்."

தாரணி தன் கைகளைப் பார்த்தாள். மடியில்தான் இருந்தன.

"அப்ப இது யாரோடதுங்க?"

"கோச்சுக்காதீங்க. நான் பெட்டி சொன்னதைச் சொல்றேன்."

"எட்டு வருஷமா தினமும் ஓட்டறேன். தினமும் இந்தக் கைதான். அதைப் பாருங்க."

"அதெல்லாம் வச்சுக்கறதில்ல. மொத நாப்பது மணி நேரம் படிப்போம். அப்பறம் ஏதாவது சம்பவம்னா அதுக்கு முந்தின முப்பது விநாடி. ரெண்டும் பொருந்தணும்."

தாரணிக்குப் புரிந்தது. அந்த நாற்பது மணி நேரம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதை இந்த அறையில் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. சொன்னாள்.

"பெட்டி வெச்சப்ப எனக்குக் கர்ப்பப்பை எடுத்து இருபது நாளு. வயித்துத் தையல் ஆறல. குழியில எறங்குனா உசுரு போகும். அதனால அந்த ரெண்டு வாரம் உருட்டிக்கிட்டுத்தான் ஓட்டுனேன். அது என் கை இல்லீங்க. அது என் வலி."

திரையில் அவள் சொன்னது எழுத்தாக ஓடியது. ஓடி முடிந்ததும், யாரோ மை தடவினாற்போல் அந்த வரிகள் மீது கறுப்புப் பட்டை விழுந்தது.

"என்னுங்க இது?"

"மேடம், அது உங்க பாலினம் பத்தின தகவல். சட்டப்படி எங்க காதுல விழக் கூடாது. அதுவே அழிச்சுடும்."

"நான் பொம்பளைங்க. பொம்பளதான் ஓட்டுனேன்."

கறுப்புப் பட்டை.

"பொம்பள இப்படி ஓட்ட மாட்டாள்னு உங்க பெட்டி முடிவு பண்ணியிருக்குது. அதைத்தானுங்க சொல்றீங்க?"

"நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே மேடம். மலர், மலைன்னுதான் சொன்னோம். நீங்கதான் வித்தியாசம் பாக்கறீங்க." அவன் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தைக் கண்டுதான் தாரணிக்கு அவன் மேல் மிச்சமிருந்த பொறுமையும் போனது.

அடுத்து அவன் போனில் பதிவான அவள் குரலைப் போட்டுக் காட்டினான். அந்த எடத்துல கை மாத்துனனுங்க. மாத்துனதுனாலதான் ஆளு பொழச்சான்.

"நீங்களே சொல்லியிருக்கீங்க. வண்டியைக் கை மாத்தினீங்க. யார்கிட்ட மாத்தினீங்கன்னுதான் கேக்கறோம்."

தாரணி மேஜை மேலிருந்த வட்டத் தட்டை எடுத்தாள். அதிலிருந்த பிஸ்கட்டுகளைக் காகிதத்தின் மேல் கொட்டினாள். தட்டை இரண்டு கையாலும் பிடித்து முழுக்கத் திருப்பினாள். கைகள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே விழுந்தன. மேல் கையை எடுத்து அந்தப் பக்கம் பிடித்தாள்.

"இதுதானுங்க கை மாத்தறது. எங்க ஊர்ல எல்லா டிரைவரும் இப்படித்தான் சொல்லுவாங்க."

"சென்னையில கை மாறுச்சுன்னா ஆள் மாறுச்சுன்னு அர்த்தம் மேடம்."

"இங்கயும் அதான் அர்த்தம். ஸ்டீரிங்குக்கு முன்னால உக்காந்தா வேற அர்த்தம். நீங்க உக்காந்திருக்கீங்களா?"

"நான் தானா ஓடற டாக்சியிலதான் வருவேன்," என்றான் நிரஞ்சன். அதைத் தன் சிறப்புகளில் ஒன்றாகச் சொன்னான்.

அதுவரை சபரிநாதன் வாயே திறக்கவில்லை. கேமரா படத்தை அதிகாரி காட்டியபோதுதான் திறந்தான். படத்தில் அவன் டிரைவர் கதவில் தோளைச் சாய்த்து உள்ளே கைவிட்டு நின்றிருந்தான். தன்னை அப்படி ஒரு படத்தில் பார்க்க அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க சார்."

"லைசென்ஸ் இல்லேன்னு தெரியும் சார். அதான் பிரச்சனை. லைசென்ஸ் இல்லாம ஓட்டி, காயம் உண்டாக்கி, மேடத்தைப் பொய் சொல்ல வச்சிருக்கீங்க."

"தெரியாதுங்க. நெஜமாவே தெரியாது. இதை எப்படிங்க காட்டறது?"

"காட்டலாமே," என்று நிரஞ்சன் எழுந்தான்.

பக்கத்து அறையில் ஸ்டீரிங்கும் பெடல்களும் வைத்த ஒரு நாற்காலி இருந்தது. எதிரே திரையில் ரோடு. சபரிநாதனை அதில் உட்காரவைத்தார்கள். அவன் மேலே பிடியைத் தேடினான். பிடி இல்லை. பத்து நிமிஷம் அவன் அந்தப் பொய்யான ரோட்டில், வேர்த்து ஊற்றி, ஒவ்வொரு மரத்துக்கும் நின்று, நத்தை போல் போனான். ஒரு மாட்டுவண்டிப் படம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டான். நாற்காலி எண் சொன்னது: மலர் வகுப்பு, தொண்ணூற்று ஏழு.

"பாத்தீங்களா?" என்றாள் தாரணி. "அவருக்குத் தெரியாது."

நிரஞ்சன் உதட்டைப் பிதுக்கினான். "தெரியாதவங்களுக்கு எண்ணே வராது மேடம். பிழைன்னு வரும். தொண்ணூத்தேழு வரணும்னா மென்கை மையத்துல நல்லாப் பழகியிருக்கணும். அங்க சேரணும்னா முன்னாடியே ஓட்டத் தெரிஞ்சிருக்கணும்."

சபரிநாதன் நாற்காலியை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தான். தன் பயத்துக்கு யாரும் இவ்வளவு மதிப்பெண் கொடுத்து அவன் பார்த்ததில்லை.

"அப்ப என்னை உக்கார வையுங்க," என்றாள் தாரணி. "பத்து நிமிஷம் வேண்டாம். ரெண்டே நிமிஷம்."

"பாலிசிதாரரைச் சோதிக்க விதி இல்ல மேடம். உங்க கை எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு."

அவள் அந்த வாக்கியத்தை மனதுக்குள் இன்னொருமுறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, மிகச் சாதாரணக் குரலில், "உங்க வீட்ல யாராவது டயாலிசிஸ்ல இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல மேடம். ஏன்?"

"சும்மாதான். இருந்தா எந்த வண்டில அனுப்புவீங்கன்னு கேக்கலாம்னு."

நிரஞ்சன் இரண்டு தாள்களை எடுத்து வைத்தான். முதல் தாளில், சபரிநாதன் மனைவிக்குத் தெரியாமல் சாவியை எடுத்து ஓட்டியதாக ஒப்புக்கொள்வது. முதல் குற்றம், ஆறு மாதம் தண்டனை, ஆனால் ஒத்திவைக்கப்படும், உள்ளே போக வேண்டியதில்லை. தாரணியின் லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாவது தாளில், தாரணி தானே ஓட்டியதாகத் தொடர்ந்து சொல்வது. அப்படியானால் விஷயம் போலீசுக்குப் போகும். பொய் வாக்குமூலத்துக்காக அவள் லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கு ரத்து. சபரிநாதன் மீது எப்படியும் வழக்கு.

"கால் மணி நேரம் எடுத்துக்கோங்க," என்றான். "அவசரமில்ல."

வெளியே வராந்தாவில் பிகாஷ் ஊன்றுகோலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனையும் வரச்சொல்லியிருந்தார்கள். தாரணியைப் பார்த்ததும் எழ முயன்றான்.

"உக்காரு சாமி. கால் எப்படி இருக்குது?"

"நல்லா இருக்கு அக்கா. நான் சொல்லிட்டேன். அந்த சாருகிட்ட நான் சொல்லிட்டேன். அக்காதான் ஓட்டுச்சு. நான் மூஞ்சி பாத்தேன். அக்கா என்னைப் பாத்துத் திட்டுச்சு."

"என்ன திட்டுனேன்?"

"அது நான் சொல்ல மாட்டேன் அக்கா. அர்த்தம் கேட்டேன், ரூம்ல எல்லாம் சிரிச்சாங்க."

தாரணி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். "அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"கண்ணுக்கு அறுபது மார்க்கு சொன்னாரு. பொட்டிக்குத் தொண்ணூத்து நாலு. நீ பெயில் சொன்னாரு."

கணவனும் மனைவியும் ஜன்னலோரமாகப் போய் நின்றார்கள். கீழே நகைக்கடை வாசலில் ஒரு தானியங்கி டாக்சி, படுத்திருந்த நாய் எழுந்து போவதற்காகக் காத்து நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபரிநாதன்தான் முதலில் பேசினான்.

"நான் போட்டுடறேன் தாரணி."

"என்னத்த?"

"கையெழுத்த."

அவள் டாக்சியிலிருந்து கண்ணை எடுத்து அவன் பக்கம் திரும்பினாள்.

"உள்ள போக வேண்டாமுங்கறாங்க. எனக்கு என்ன போகுது? மண்டியில ரெண்டு நாளு பேசுவாங்க. உனக்கு அஞ்சு வருஷம். காங்கயத்து அம்மா, அந்த ரிட்டயர்டு வாத்தியாரு, அவங்கெல்லாம் என்ன பண்ணுவாங்க?"

"உங்களுக்கு என் வண்டில முன்சீட்டுல உக்காரவே பயம் மாமா."

"அது கோர்ட்டுக்குத் தெரியாதுல்ல."

"எனக்குத் தெரியும். இந்தாளுக்குத் தெரியும்." பிகாஷைக் காட்டினாள். குரல் உயரவில்லை. "பதினேழு வருஷம் ஓட்டிருக்கேன் மாமா. ஒருத்தரும் ஒண்ணும் எழுதி வெக்கல. எழுதி வெச்சது அந்த அரை செகண்டு ஒண்ணுதான். அதுல அவன் சாகல. அது என்னுது. அதப்போயி உங்க பேருல எழுதச் சொல்றீங்க."

"நான் வெச்சுக்க மாட்டேன் தாரணி. எனக்கெதுக்கு அது?"

"வெச்சுக்கப் போறது நீங்க இல்ல. அவங்க."

சபரிநாதனுக்கு அது சரியாகப் புரியவில்லை. புரிந்த ஒன்றை மட்டும் சொன்னான். "நீ ஓட்டோணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

கேவலமானவர்களிடம் அவளுக்குப் பேசத் தெரியும். நல்லவன் ஒருவன் தப்பான தாளை எடுத்துக்கொண்டு முன்னால் நிற்கும்போது என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாய் எழுந்து போயிற்று. டாக்சி நகர்ந்தது. கால் மணி நேரம் முடிந்தது.

உள்ளே போனதும் நிரஞ்சன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினான். சபரிநாதன் தாளின் மேல் குனிந்து, நிமிர்ந்து, அவளைப் பார்த்தான். அவள் சொல்லவில்லை. இன்னொருமுறை பார்த்தான். மூன்றாவது முறை அவன் பார்த்தபோது அவள் தன் கைகளை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டாள். அவன் போட்டான். அழகான கையெழுத்து, மூட்டைச் சீட்டுகளில் போட்டுப் போட்டுப் பழகியது.

தாரணி இதுவரை யாரையெல்லாம் அற்பமாக நினைத்தாளோ அந்த வரிசையை ஒருமுறை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். பெட்டி. வகுப்புகளுக்குப் பெயர் வைத்தவன். லோகநாதன். எதிரில் இருக்கும் இந்த மரியாதைக்காரன். வேண்டாம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்துவிட்ட இன்னொருத்தியை அதே வரிசையில் கடைசியாகச் சேர்த்தாள். அந்தக் கடைசிப் பெயரோடு ஒப்பிட்டால் மற்றவர்கள் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"தேங்க்ஸ் சார், தேங்க்ஸ் மேடம்," என்றான் நிரஞ்சன். "உங்க வகுப்பு மலர்லயே தொடரும்."

கார் சரியாகி வந்தது. தாரணி மறுபடி ஓட்டினாள். மூன்று மாதம் ஓட்டினாள். ஆனால் இப்போது அவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. இனி ஏதாவது நடந்தால் பெட்டி அந்த முப்பது விநாடியை எடுத்து அவளுடைய பழைய வலியோடு ஒப்பிடும். பொருந்தவில்லையென்றால் மறுபடி சபரிநாதனைத்தான் தேடும். அதனால் அவள் தயங்கி ஓட்டினாள். லோகநாதன் மூன்று மாதம் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டதை அவள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். அறச்சலூர்ப் பிரிவில் ஒருநாள் மினி பஸ் ஒன்று குறுக்கே வந்தபோது, எப்படித் திருப்புவது என்று கை கேட்டது. கேட்டது, அதுதான் விஷயம். அதற்கு முன்பு அது கேட்டதே இல்லை. ஒரு சாண் இடைவெளியில் தப்பித்தார்கள். பின்சீட்டில் இருந்த காங்கயத்து அம்மாவின் மடியில் தண்ணீர் கொட்டிவிட்டது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சேலையைத் துடைத்துக்கொண்டாள். தாரணி அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்து காரை விற்பனைக்குப் போட்டாள்.

அடுத்த வருஷம் சபரிநாதனுக்கு நன்னிழலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெட்டியில் பதிந்தது கம்பெனிக்குச் சொந்தம் என்று பாலிசியின் பின்பக்கத்தில் எப்போதும் இருந்திருக்கிறது. அந்த முப்பது விநாடியை அவர்கள் தானியங்கிக் கார் செய்கிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். ஆபத்தில் எப்படித் திருப்ப வேண்டும் என்பதற்கு அதைவிடச் சிறந்த மாதிரி லட்சம் பதிவுகளில் இல்லையாம். கார்களுக்குள் அந்தத் திருப்பத்துக்கு 'எஸ்.என். திருப்பம்' என்று பெயர். எஸ்.என். என்றால் சபரிநாதன். தங்கள் உயர்ந்த ஓட்டுத்திறனுக்குப் பாராட்டுகள் என்று கடிதம் முடிந்திருந்தது.

எஸ்.என். திருப்பம் முதல் வருஷத்தில் நாடு முழுவதும் நாற்பத்தொரு பேரைக் காப்பாற்றியதாகக் கம்பெனி அறிக்கையில் இருக்கிறது. நிரஞ்சன் இப்போது மண்டல மேலாளர். லோகநாதன் மலர் வகுப்பில் இருக்கிறான். சென்ற வருஷம் வளைவில் தயங்கியதில் பின்னால் வந்த வேன் மோதி, இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். பிகாஷுக்குக் கால் லேசாக இழுக்கிறது. கல்யாணம் செய்துகொண்டு சிப்காட்டிலேயே குடியிருக்கிறான். காங்கயத்து அம்மா, தாரணி காரை விற்ற பிறகு வந்த கோடையில், டயாலிசிஸுக்குச் சரியாக வர முடியாமல் இறந்துபோனாள். சபரிநாதன் மண்டியில் மஞ்சள் பார்க்கிறான், ஷேர் ஆட்டோவில் போய்வருகிறான். தாரணி அதே ஆஸ்பத்திரியில் வரிசைச் சீட்டு கொடுக்கிறாள். அவளுடைய லைசென்ஸ் இன்னும் பதினொரு வருஷத்துக்குச் செல்லும்.